டூர் போவோம்... சத்தம் போடாமல்!



நம் மாணவர் சங்கக் கூட்டத்தில் வருஷா வருஷம் வருகிற கேள்வி இந்த வருஷமும் வந்தது. "டூர் எங்கே?" மூன்று ஊர்களின் பெயரைச் சொன்னார்கள். மூன்றிலும் போட்டிங் உண்டு, கேம்ப் ஃபயர் உண்டு, பஸ்ஸில் பெரிய ஸ்பீக்கர் உண்டு. நான் எழுந்து "கோடியக்கரை" என்றேன். ஒரு நிமிஷம் அமைதி. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஏன் மாப்ள, வந்தியத்தேவன் அங்க உனக்காக வெயிட் பண்றானா?" ஹாலே அதிர்ந்தது. நானும்தான் சிரித்தேன். ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டேன். அன்று விழுங்கியதை இன்று எழுதுகிறேன். மலர்க் குழுவுக்கு நன்றி.

முதலில் கோடியக்கரை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நாகப்பட்டினத்திலிருந்து தெற்கே இறங்கி வரும் கடற்கரை, ஓரிடத்தில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் இருக்கிற முனைதான் கோடியக்கரை. 1967-ல் அரசு அதை வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தது. முக்கியக் காரணம் வெளிமான். முறுக்கிய கொம்பும் கறுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாக நிற்குமே, அந்த மான்தான். மானைக் காக்க எடுத்த இடம் பறவைகளுக்கும் வீடாகிவிட்டது. ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து மாசி வரை, வடக்கே பனி மூடிய தேசங்களிலிருந்து உள்ளான்களும் வாத்துகளும் ஆலாக்களும் அந்தச் சதுப்பு நிலத்துக்கு வருகின்றன. பூநாரைகளும் கூட்டமாக வரும். 2002-ல் ராம்சர் ஒப்பந்தப் பட்டியலில் சேர்ந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்ற முதல் ஈரநிலம் அதுதான்.

நான் போனது போன ஜனவரியில், பொங்கல் லீவில். நான்கு பேர். ராஜபாளையத்தில் இரவு பஸ் ஏறி, மதுரையில் மாறி, இன்னும் இரண்டு பஸ் மாறி வேதாரண்யம் போய்ச் சேர்ந்தோம். எங்களில் ஒருவனுடைய அத்தை வீடு அங்கே. அத்தை வீட்டில் ஒன்று, பக்கத்து வீடுகளில் மூன்று என்று பழைய சைக்கிள்கள் கிடைத்தன. இரண்டுக்கு பிரேக் கட்டை கிடையாது. மெக்கானிக்கல் மாணவர்கள் இரண்டு பேர் கூட வந்ததன் பயன் அன்றைக்குத்தான் தெரிந்தது.

விடிவதற்கு முன் கிளம்பினோம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், ஏற்றமே இல்லாத ரோடு. வழியில் அகஸ்தியம்பள்ளி. 1930 ஏப்ரலில் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து கால்நடையாகவே வந்து உப்பு அள்ளிய பகுதி அது. அவர்கள் பதினைந்து நாள் நடந்தார்கள். நாங்கள் ஒரு மணி நேர சைக்கிளுக்கே டீக்கடை தேடினோம்!

அனுமதி வாங்கி உள்ளே போனபோது நான் கவனித்த முதல் விஷயம் இது. தூரத்தில் ஒரு ஜீப் சத்தம் கேட்டால் மான்கள் ஓடுகின்றன. சைக்கிளைக் கண்டால் தலையைத் தூக்கிப் பார்க்கின்றன, காதை ஆட்டுகின்றன, திரும்ப மேய ஆரம்பித்துவிடுகின்றன. இறங்கி மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனால், நாமும் ஏதோ ஒரு மாடு மாதிரிதான் அவற்றுக்கு. வாழ்க்கையில் முதல் தடவையாக மாடு என்று கணக்கு வைத்துக்கொள்ளப்பட்டதற்குச் சந்தோஷப்பட்டேன்.

சதுப்பு ஓரத்தில் பூநாரைகள் நின்றன. எங்களிடம் இருந்தது கடன் வாங்கிய ஒரே ஒரு பைனாகுலர். ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்று முறை வைத்தோம். தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகை வடிகட்டி மாதிரி வைத்து, சேற்றுத் தண்ணீரிலிருந்து சின்னஞ்சிறு உயிர்களைச் சலித்துத் தின்கின்றன. அந்தச் சாப்பாட்டில் இருக்கும் நிறம்தான் இறகில் ஏறி ரோஸ் ஆகிறதாம். "நம்ம மெஸ் சாம்பாரைச் சாப்பிட்டா நாம என்ன கலர் ஆவோம்?" என்றான் ஒருவன், கிசுகிசுப்பாக.

அப்போதுதான் அது நடந்தது. பின்னாலே ரோட்டில் நான்கைந்து பைக். சைலன்ஸர் கழற்றியவை. ஹாரன், பாட்டு, ஊய் என்று விசில். அந்த ரோஸ் வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்தது. பார்க்க அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். பைக்கில் வந்தவர்கள் கைதட்டி வீடியோ எடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் நின்ற உள்ளூர்ப் பெரியவர் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார். "தம்பி, அது திங்க வந்த எடம். இப்படி நாலு தடவ கெளப்பி விட்டா, தின்னதெல்லாம் பறக்குறதுக்கே சரியாப் போயிடும்" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கம் வந்தது. ஏனென்றால், முதல் வருஷம் படிக்கும்போது செண்பகத்தோப்பு ஓடையில் அந்தப் பைக்காரன் நான்தான்.

நம்மில் பல பேருக்கு இது தெரிந்த கதை. செமஸ்டர் முடிந்த அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே எட்டு கிலோமீட்டருக்குப் பக்கம் பைக்கில் போவது, ப்ளூடூத் ஸ்பீக்கரைப் பாறையில் வைப்பது, குளியல், பிரியாணிப் பொட்டலம், இன்னும் எழுதக்கூடாத சில சங்கதிகள். பாட்டிலை என்ன செய்தோம் என்று யாராவது கேட்டோமா? நான் வைத்த பாட்டில் உருண்டு பாறையில் விழுந்து உடைந்த சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பொறுக்கவில்லை. அந்த வழியில்தான் தேன் எடுக்கப் போகும் பளியர் மக்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். அந்த வழியில்தான் யானை தண்ணீருக்கு வருகிறது. யானைப் பாதத்தின் அடி மெத்தை மாதிரி மென்மையானது. கண்ணாடி ஏறினால் எடுத்துவிட அதற்கு ஆள் யார்?

ஆகவே நான் சொல்ல வருவது "கோடியக்கரைக்கு டூர் போக வேண்டும்" என்பது மட்டுமல்ல. சரணாலயத்துக்குப் போகத் தெரிந்தவர்களாக முதலில் நாம் மாற வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள பஸ் ஏற வேண்டியதில்லை. பாடசாலை நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

நம் காலேஜ் மாடியில் நின்றால் மேற்கே தெரிகிறதே நீல மலை, அது சும்மா சீனரி அல்ல. 1988-ல் சாம்பல் நிற அணிலுக்காக அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகம் ஆனது. இந்தியாவின் 51-வது, தமிழ்நாட்டின் 5-வது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். புலி, யானை, வரையாடு, இருவாச்சி என்று ஒரு ராஜ்ஜியமே அங்கே இருக்கிறது. அய்யனார் கோவில் ஆறு அங்கிருந்துதான் இறங்குகிறது. அந்தத் தண்ணீர் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் நின்று, நெடுங்காலமாக ராஜபாளையத்துக்குக் குடிநீராக வருகிறது. நாம் ஓடையில் வீசும் குப்பை யார் வீட்டுக் குடத்தை நோக்கி வருகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தச் சாம்பல் நிற அணிலைப் பற்றிச் சிவில் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அது கிட்டத்தட்டப் பூனை அளவு இருக்கும், வால் தனி. தரையில் இறங்குவது அபூர்வம். மரத்துக்கு மரம் தாவித்தான் அதன் வாழ்க்கை முழுவதும் நடக்கிறது. ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தின் கிளையைத் தொடுகிற இடமாகப் பார்த்துத்தான் கூடு கட்டும், ஆபத்து வந்தால் தப்பிக்க வழி வேண்டுமே! அதாவது அந்த அணிலுக்கு மரக்கிளைதான் பாலம். நடுவில் நான்கு மரம் வெட்டினால், நமக்கு நான்கு மரம் போச்சு. அதற்குப் பாலம் இடிந்து போச்சு. இந்த உயிர் தென்னிந்தியாவில் சில இடங்களிலும் இலங்கையிலும்தான் உண்டு. மலையடிவாரத்து மாந்தோப்பிலும் புளிய மரத்திலும் அது ஓடுவதைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். நம் செட்டில் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் எத்தனை கை எழும்பும்?

பாவம் செய்தவனுக்குப் பரிகாரம் வேண்டுமல்லவா? கோடியக்கரையிலிருந்து திரும்பிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை மறுபடி செண்பகத்தோப்புக்குப் போனேன். இந்தத் தடவை சைக்கிள், கையில் நோட்டு, வனத்துறையில் கேட்டு வாங்கிய அனுமதி. கூட வந்த வாட்சர் அண்ணன் பளியர் இனத்தைச் சேர்ந்தவர். நாங்கள் வழக்கம்போல வளவளவென்று பேசிக்கொண்டே போனோம். அரை மணி நேரம் ஒன்றுமே கண்ணில் படவில்லை. அவர் நின்றார். "தம்பி, நீங்க வாயால பாக்குறீங்க. கண்ணால பாருங்க" என்றார். வாயை மூடினோம். அடுத்த பத்து நிமிஷத்தில் மரங்கொத்தி, மாங்குயில், குக்குறுவான், நீள வெள்ளை வாலோடு அரசவால் ஈப்பிடிப்பான். கடைசியில் ஒரு மாமரத்தின் உச்சியிலிருந்து தொங்கிய சாம்பல் நிற வால். அவை எல்லாம் முதலிலிருந்தே அங்கேதான் இருந்தன.

காட்டுக்குள் போக நாம் கொடுக்கிற உண்மையான டிக்கெட், நண்பர்களே, அமைதிதான். அதை வாங்கக் காசு வேண்டாம்.

மலைக்கும் கடற்கரைக்கும் என்ன சம்பந்தம், இரண்டையும் ஏன் முடிச்சுப் போடுகிறாய் என்று கேட்பீர்கள். ஒரு குருவியைக் காட்டுகிறேன். போன வருஷம் அக்டோபரில் நம் சைக்கிள் ஸ்டாண்டு வேப்பமரத்தடியில் ஒரு குருவி விழுந்து கிடந்தது. பச்சை முதுகு, மஞ்சள் மார்பு, வாலடியில் சிவப்பு, கண்ணில் மை தீட்டியது போல் கறுப்புப் பட்டை. யாரோ வளர்த்த பறவை என்று நினைத்தோம். லேப் அட்டெண்டர் அண்ணாச்சி பார்த்துவிட்டு, "ஆறுமணிக் குருவிலே இது" என்றார். காலையில் ஆறு மணிக்கும் மாலையில் ஆறு மணிக்கும் கூவுவதால் அந்தப் பெயர். வட இந்தியாவில், இமயமலை அடிவாரம் வரை, மழைக் காலத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தெற்கே வருகிறது. இலங்கை வரைக்கும் போகும். கோடியக்கரைக் காட்டிலும் இறங்கும், நம் மலையடிவாரத் தோப்பிலும் இறங்கும். இரவெல்லாம் பறந்து களைத்துப்போனால் இப்படித்தான் வீட்டு வாசலில் விழும். அண்ணாச்சி ஒரு கூடையைக் கவிழ்த்து, மேலே துணி போட்டு, நாய் வராமல் காவல் இருந்தார். சாயங்காலம் புதர் ஓரமாகக் கூடையைத் தூக்கினார். கூவவில்லை. ஒரு தத்து, இரண்டு தத்து, பறந்தே போய்விட்டது.

அந்தக் குருவிக்கு மாவட்ட எல்லை கிடையாது. கோடியக்கரையில் பல வருஷங்களாகப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் பறவைகளைப் பிடித்து, காலில் நம்பர் போட்ட வளையம் மாட்டிப் பறக்க விட்டிருக்கிறார்கள். எங்கோ ஒரு நாட்டில் அந்த வளையம் திரும்பக் கிடைத்தால் அதன் பயணம் தெரியும். வழியில் ஓரிடம் கெட்டாலும் பயணம் கெட்டது. கோடியக்கரையில் சீமைக்கருவேலம் பரவி மானின் புல்லை விழுங்குகிறது என்றால், அதே சீமைக்கருவேலம்தான் நம் கண்மாய்களையும் விழுங்குகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் கோடியக்கரைக் காட்டைப் புரட்டிப் போட்டது, மரங்கள் சாய்ந்தன, மான்கள் மடிந்தன. புயலை நாம் நிறுத்த முடியாது. பாட்டிலை நிறுத்த முடியும்.

இனி எதிர்க்கட்சி வாதங்களுக்கு வருகிறேன்.

"அங்க பாக்க என்னடா இருக்கு?" – பறவை பார்ப்பது சினிமா மாதிரி அல்ல, டிக்கெட் எடுத்ததும் படம் ஓடாது. இதை ஒப்புக்கொள்கிறேன். முதல் நாள் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அல்ட்டர்னேட்டர் கனெக்‌ஷன் கூட முதல் நாள் சலிப்பாகத்தானே இருந்தது? பெயர் தெரிந்த பிறகுதான் சுவை. பறவைச் சத்தத்தை வைத்துப் பொழுது விடிந்ததைச் சொல்லித் தோழிகளை எழுப்பிய ஆண்டாளின் ஊர்க்காரர்கள் நாம். நமக்குக் காது இல்லையென்றால் யாருக்கு இருக்கும்?

"பெண்கள் எப்படி வருவார்கள்?" – இரவுப் பயணம் என்றால் வீட்டில் விடமாட்டார்கள், உண்மை. அதனால்தான் மலையடிவாரம் என்கிறேன். காலை ஆறு மணிக்குக் கிளம்பி பதினொரு மணிக்கு வீடு. ஒரு மேடம் கூட வந்தால் போதும். இதை நம் வகுப்புத் தோழிகளிடம் கேட்டபோது, "எங்ககிட்ட யாருமே கேக்கலையே" என்றார்கள். தலை குனிந்தேன்.

"யானை மிதிச்சா?" – இந்தப் பயம் நியாயமானது, இருக்கத்தான் வேண்டும். 2015-ல் சதுரகிரியில் திடீர் வெள்ளம் பக்தர்களின் உயிரைக் கொண்டுபோனது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி மாண்டார்கள். ஆகவே அனுமதி இல்லாமல், வனத்துறை ஆள் இல்லாமல், கோடை வெயிலில், மழை கட்டிய நாளில் காட்டுக்குள் ஒரு அடியும் வைக்கக்கூடாது. பர்மிஷன் கேட்பது கௌரவக் குறைவு அல்ல. நாம் திருட்டுத்தனமாகப் போனால், நாளைக்கு எல்லோருக்கும் கேட்டைப் பூட்டுவார்கள். அப்போது காட்டையே நம்பி இருக்கிற மனிதர்களுக்கும் சேர்த்துத்தான் கஷ்டம்.

கடைசியாக என் துறைக்காரர்களுக்கு, எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு ஒரு பேச்சு. இதைச் சிரிக்காமல் படியுங்கள். டிப்ளமோ முடித்ததும் நம்மைத் தேடி வரும் முதல் சின்ன வேலை எது? "தம்பி, தோட்டத்துல பன்னி தொல்லை, வேலிக்கு ஒரு லைன் இழுத்துக் குடு." மலையடிவாரத்தில் இது சகஜம். விவசாயி மேல் நான் குற்றம் சொல்லவில்லை, ஒரே ராத்திரியில் ஒரு வருஷ உழைப்பு போகிறவனின் வயிற்றெரிச்சல் நமக்குத் தெரியும். ஆனால் 230 வோல்ட் லைனை நேரே கம்பியில் கொடுத்தால் தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும், விடாது. பன்றியும் சாகும், யானையும் சாகும், ராத்திரி தண்ணீர் பாய்ச்ச வந்த மனிதனும் சாவான். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தனியாக நின்றன. முறையான சோலார் வேலி வேறு. அதில் எனர்ஜைசர், பாட்டரியிலிருந்து எடுத்து, வினாடிக்கு ஒரு தடவை மாதிரி, கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவான துடிப்பாக மின்சாரம் தருகிறது. சுரீர் என்று அடிக்கும், உயிரை எடுக்காது. இந்த வித்தியாசம் தெரிந்த ஒரே ஆள் ஊரில் நாமாகத்தான் இருப்போம். "அந்த லைனை நான் இழுக்க மாட்டேன் அண்ணாச்சி, இதை இழுத்துத் தர்றேன்" என்று சொல்கிற தைரியம் நமக்கு வேண்டும். காட்டைப் பார்த்தவனுக்கு அந்தத் தைரியம் வரும் என்று நம்புகிறேன். இந்த டூர் விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பதற்கு உண்மைக் காரணம் இதுதான்.

அதனால் சங்கத்துக்கு என் யோசனைகள் மூன்று. ஒன்று: மாதம் ஒரு ஞாயிறு, அனுமதியோடு, சைக்கிளில் ஒரு தடவை செண்பகத்தோப்பு, ஒரு தடவை அய்யனார் கோவில் பக்கம். நடக்க முடியாத, சைக்கிள் இல்லாத நண்பர்களுக்கு மழைக்குப் பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியகுளம் கண்மாய்க் கரையே போதும். நாரையும் நாமக்கோழியும் அங்கேயே வரும். இரண்டு: சங்க நிதியில் இரண்டு பைனாகுலர், தமிழில் ஒரு பறவைப் புத்தகம், ஒரு பொது நோட்டு. பார்த்ததைத் தேதி போட்டு எழுதுவோம். பத்து வருஷம் கழித்து வரும் ஜூனியருக்கு அது சொத்து. மூன்று: அந்த நோட்டில் ஆறு மாதம் ஒழுங்காக எழுதியவர்களை ஜனவரியில் கோடியக்கரைக்குக் கூட்டிப் போவோம். ஸ்பீக்கர் வேண்டாம். பாட்டில் வேண்டாம். வீட்டிலிருந்து கட்டுச்சோறு, இறங்கும்போது கையில் குப்பைப் பை. பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா மட்டும் தாராளமாக அனுமதிக்கப்படும்!

இதையும் சிரித்துத் தள்ளினால் தள்ளுங்கள், நான் வருத்தப்படமாட்டேன். ஆனால் ஐப்பசி பிறந்ததும் ஒரே ஒரு நாள், விடிகாலை ஆறு மணிக்கு, போனை உள்ளே வைத்துவிட்டு வாசலில் பத்து நிமிஷம் நில்லுங்கள். எங்கிருந்தோ ஆயிரம் மைல் கடந்து வந்த ஒரு குருவி, நம் வேப்பமரத்தில் நின்று கூவக்கூடும். அன்றைக்கு என்னை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் எனக்கு ஒரு ஓட்டு போடுங்கள்.

– மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னியல் துறை